பிரசிடெண்ட்ஸ் கோப்பை

பிரசிடெண்ட்ஸ் கோப்பை என்பது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் ஆடவர் குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) அணிப் போட்டியாகும். அமெரிக்க அணியும், ஐரோப்பா தவிர்த்த பிற நாட்டு வீரர்கள் அடங்கிய பன்னாட்டு அணியும் இதில் மோதுகின்றன. அணிக்குப் பன்னிரண்டு பேர்.

தோற்றம்

1927இல் தொடங்கிய ரைடர் கோப்பை முதலில் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடந்தது. 1979 முதல் ஐரோப்பிய வீரர்களும் சேர்க்கப்பட்டனர். ஆஸ்திரேலியர், தென்னாப்பிரிக்கர், ஆசியர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அதில் இடமில்லை. அக்குறையைத் தீர்க்கவே 1994இல் வர்ஜீனியாவில் இக்கோப்பை தொடங்கப்பட்டது. முதல் பன்னாட்டு அணியிலேயே இந்திய வம்சாவளியினரான பிஜி வீரர் விஜய் சிங் இருந்தார்.

ஆட்டமுறை

திருப்பூரில் ஏற்றுமதிக்காகத் தைக்கப்படும் காலர் டி-சர்ட்தான் இவ்வாட்டத்தின் வழக்கமான உடை. ஆனால் அதைத் தைப்போர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு விதிகள் தெரியாது. என் வகுப்பிலும் அப்படித்தான். குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் விழச் செய்பவருக்கு அந்தக் குழி சேரும். 18 குழிகளில் அதிகம் வென்றவர் தம் அணிக்கு ஒரு புள்ளி பெறுவார். சமமானால் இரு அணிக்கும் அரைப் புள்ளி.

வரலாறு

2024 வரை நடந்த 15 போட்டிகளில் அமெரிக்கா 13 முறை வென்றுள்ளது. பன்னாட்டு அணியின் ஒரே வெற்றி 1998இல் மெல்போர்னில் கிடைத்தது (20½–11½). 2003இல் தென்னாப்பிரிக்காவில் இரு அணிகளும் 17–17 எனச் சமமாயின. முடிவு காண டைகர் உட்சும் எர்னி எல்சும் கூடுதலாக மூன்று குழிகள் ஆடியும் தீரவில்லை. இருட்டிவிட்டதால் அணித்தலைவர்கள் ஜாக் நிக்லஸ், கேரி பிளேயர் இருவரும் கோப்பையைப் பகிர்ந்துகொள்ள இசைந்தனர்.

இந்தியப் பங்கு

2015இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் முதன்முறையாக ஆசிய மண்ணில் போட்டி நடந்தது. புனேயில் பிறந்த அனிர்பன் லாகிரி அதில் இடம்பெற்ற முதல் இந்தியரானார். இறுதி நாளில் கிறிஸ் கிர்க்குடன் 17 குழிகள் வரை சமநிலை. கடைசிக் குழியில் கிர்க் ஏறத்தாழ 15 அடியிலிருந்து பந்தை விழச் செய்தார். லாகிரிக்கு மீதமிருந்தது நான்கடி தூரமே. பந்து விழவில்லை. அமெரிக்கா 15½–14½ என வென்றது. அது விழுந்திருந்தால் கணக்குப்படி 15–15. அந்த ஒரு அடியையே தோல்விக்குக் காரணமாகச் சொல்வது நியாயமில்லை. 30 புள்ளிகளுக்கான ஆட்டத்தில் மற்றவர்களும் இழந்திருக்கிறார்கள்.

2017இல் நியூ ஜெர்சியில் லாகிரி மீண்டும் ஆடினார். மூன்றாம் நாளிலேயே அமெரிக்கா கோப்பையை உறுதி செய்யும் நிலை. லாகிரியும் கொரியாவின் கிம் சி-வூவும் இணைந்து சார்லி ஹாஃப்மன், கெவின் சேப்பல் இணையை வென்றதால் அது மறுநாளுக்குத் தள்ளிப்போனது. 2024 வரை இக்கோப்பையில் ஆடிய ஒரே இந்தியர் அவரே.