தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், கம்பளை

தமிழகத்திலிருந்து இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களின் வாழ்வையும் உழைப்பையும் பதிவுசெய்யும் காட்சிக்கூடம். மத்திய மாகாணத்தில், கம்பளைக்கு அருகேயுள்ள பழைய பீகொக் தோட்டத்தில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் இதை நடத்துகிறது.

பின்னணி

1820களில் கம்பளை வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. மதுரை, திருச்சி, தஞ்சை, திருநெல்வேலி, சேலம் மாவட்டங்களிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் கங்காணிகள் ஆள் திரட்டினர். இன்றைய திண்டுக்கல் மாவட்டம் 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மானாவாரி நிலம் பொய்த்த ஊர்களில் பஞ்சமும் கடனும் குடும்பங்களைக் கிளப்பின. அக்காலப் பஞ்சங்களுள் 1876–78 தாது வருடப் பஞ்சம் கொடியது. கடல் கடந்து மன்னாரில் இறங்கியவர்கள் மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர்.

1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் காப்பி அழிந்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்துக் கொடுக்கும் ‘துண்டு’ முறையால், அந்தக் கடனை அடைக்காமல் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாமல் இருந்தது. இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

காட்சிப்பொருள்கள்

தொழிலாளர் குடியிருந்த பழைய லயமே இங்கு அருங்காட்சியகம். தோட்டங்களில் லயத்துக் காம்பிரா (அறை) ஒன்று பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடுப்பு, படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்தான். கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, சமையல் பாத்திரங்கள், தப்பு, பழைய ஆவணங்கள், படங்கள் ஆகியவை காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. தேயிலையால் இலங்கைக்குக் கிடைத்த அந்நியச் செலாவணிக்குப் பின்னால் இருந்த உழைப்பை இவை கண்முன் நிறுத்துகின்றன.

குடியுரிமையும் தாயகம் திரும்பலும்

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இத்தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க ஒப்புக்கொண்டன. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. இவ்வொப்பந்தங்களின்படி தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்கள், மண்டபம் முகாம் வழியாக நீலகிரி, கொடைக்கானல் உள்ளிட்ட பல இடங்களில் குடியேறினர்.

இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பின் தமிழகத்துக்கு அகதிகளாக வந்தவர்களில் மலையக வம்சாவளியினரும் உண்டு. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் இலங்கைத் தமிழருக்காகக் கட்டப்பட்ட 321 வீடுகள் 2022இல் திறக்கப்பட்டன.

மதிப்பீடு

கியூப அகதிகளை 1962 முதல் 1974 வரை வரவேற்றுப் பதிவுசெய்த மயாமி நகரத்துச் சுதந்திரக் கோபுரம், இன்று அவர்களின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமாக விளங்குகிறது. தாயகம் திரும்பியவர்கள் கடந்துவந்த மண்டபம் முகாமும் அத்தகைய மதிப்புக்கு உரிய இடமே. கம்பளைக் காட்சிக்கூடம் சொல்வது மலையகத்தின் கதையை மட்டுமன்று. ஆட்களை அனுப்பிய மதுரை, திண்டுக்கல் சமவெளியின் வரலாறும் அதில் அடங்கும்.