ஆரையின் அடையாளம் சேற்றுக்குள்

மணவாள நகரைச் சுற்றித் தொழிற்சாலை மதில்கள் எழும்பிய பிறகும் திருவள்ளூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனம் அடியோடு போய்விடவில்லை. மழை நின்ற நாட்களில் வரப்போரச் சேற்றிலும் மதகடி ஈரத்திலும் ஆரைக்கீரை படர்ந்து கிடக்கும். நெல் நட்டவருக்கு அது களை. கடைந்து உண்பவருக்குக் கீரை. சித்த மருத்துவத்தில் அதிமூத்திரத்துக்குச் சொல்லும் மூலிகை. தாவரவியலாருக்கு மார்சிலியா என்னும் பேரினம். பூவே பூக்காத பெரணி.

கீரைக்கட்டில் பார்ப்பவர் யாரும் இதைப் பெரணி என்று நினைக்கமாட்டார். ஆனால் இளந்தளிரைக் கவனித்தால் தெரியும். மலைப் பெரணிகளைப் போலவே நுனி உட்பக்கமாகச் சுருண்டுதான் வெளிவருகிறது.

1753-இல் லின்னேயஸ் மார்சிலியா குவாட்ரிஃபோலியா என்ற சிற்றினத்தைப் பதிவு செய்தார். இத்தாலிய இயற்கை ஆய்வாளர் மார்சிலியின் நினைவாக வந்தது பேரினப் பெயர். 1771-இல் மார்சிலியா மினூட்டாவையும் அவரே சேர்த்தார். 1810-இல் பெர்லினில் இருந்த வில்டெனோ இன்னொரு சிற்றினத்துக்குக் கோரமண்டலினா என்று நம் கரையின் பெயரையே சூட்டினார். உலகெங்கும் இன்று ஐம்பது, அறுபது சிற்றினங்கள் என்று கணக்கு.

சிக்கல் இங்கேதான். தமிழில் வந்த மூலிகை நூல்கள் பலவற்றில் ஆரைக்கு நேராகக் குவாட்ரிஃபோலியா என்றே அச்சாகியிருக்கிறது. அதுவோ காஷ்மீர் ஏரிகளில் வளரும் குளிர்நாட்டுச் செடி. நம் வயல்களில் பரவலாகக் கிடைப்பது மினூட்டா. நான்கு சிற்றிலை இருக்கிறதே என்றால், பேரினம் முழுவதற்கும் அதே நான்குதான். இலையை நம்பவும் முடியாது: ஒரே செடி நீரில் நீண்ட காம்போடு வழவழப்பான இலையை மிதக்கவிடும், காய்ந்த சேற்றில் குட்டையாகி ஓரம் நெளிந்து வேறொரு செடிபோல நிற்கும். கே. எம். குப்தா 1962-இல் சி.எஸ்.ஐ.ஆர். வெளியீடாக மார்சிலியாவுக்கென்றே தனி நூல் எழுத வேண்டியிருந்ததில் வியப்பில்லை.

தீர்ப்புச் சொல்வது ஸ்போரோகார்ப். இலைக்காம்பின் அடியில் இருக்கும், மிளகைவிடச் சிறிய, கறுத்த காய் அது. மினூட்டாவில் காம்பின் அடியிலேயே கொத்தாக ஒட்டியிருக்கும். குவாட்ரிஃபோலியாவில் காம்பின்மேல் சற்று ஏறி நிற்கும். முற்றிய காயின் ஓரத்தைப் பிளேடால் லேசாகச் சீவித் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் அது இரண்டாகப் பிளக்கிறது. உள்ளிருந்து வழுவழுப்பான ஒரு பசைநாடா நீரை உறிஞ்சிப் புழுவைப்போல நீண்டு வருகிறது. அதன் இருபுறமும் வெண்ணிறப் பைகள். ஒவ்வொன்றிலும் பெரிய ஸ்போர்களும் சிறிய ஸ்போர்களும் தனித்தனியே. பெரும்பாலான பெரணிகளில் ஸ்போர் ஒரே வகை. சீவாத காய் பல ஆண்டு வறட்சியையும் தாங்கும். களை எடுத்து அலுத்த உழவரிடம் இதைச் சொல்லவே வேண்டாம்.

இந்த இருவகை ஸ்போர்தான் ஆரையின் உறவினரையும் காட்டிக்கொடுத்தது. 2016-இல் பன்னாட்டு வல்லுநர் குழு வெளியிட்ட பெரணி வகைப்பாட்டில் மார்சிலியேசி, சால்வினியேசி என்னும் இரு குடும்பங்களும் சால்வினியேல்ஸ் என்ற ஒரே வரிசையில் அடங்குகின்றன. மாட்டுத் தீவனத்துக்காகத் தார்ப்பாய் விரித்த தொட்டியில் வளர்க்கும் அசோலா இந்த இரண்டாம் குடும்பத்தது. டி.என்.ஏ. ஆய்வும் இந்த உறவை உறுதி செய்திருக்கிறது.

ஆகவே ஆரையை உலர்தாவரத் தாளில் ஒட்ட விரும்பும் மாணவர் மழை ஓய்ந்ததும் ஓடக் கூடாது. அப்போது கிடைப்பது பெரும்பாலும் இலைதான். ஏரி நீர் வடிந்து சேறு இறுகும்வரை பொறுத்து, தண்டோடு தோண்டி, மண்ணை அலசிக் காயோடு எடுக்க வேண்டும்.