விண்கலத்தில் கரியமில வாயு

மனிதர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். மூடிய கலத்துக்குள் ஆக்சிஜன் தீர்வதற்கு வெகுமுன்னரே இந்த வாயு மிகுந்து தலைவலியும் மயக்கமும் வந்துவிடும். எடையற்ற நிலையில் சூடான காற்று மேலெழுவதில்லை. அதனால் விசிறி நின்றுபோனால், உறங்குபவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கும்.

மெர்க்குரி முதல் அப்பல்லோ வரை அமெரிக்கக் கலங்களில் கரியமில வாயுவைப் பிடிக்கும் லித்தியம் ஹைட்ராக்சைடு நிரப்பிய டப்பாக்கள் வழியாகக் காற்றைச் செலுத்தினார்கள். இந்த வேதியியல் நம் வீட்டுச் சுவருக்கும் தெரிந்ததுதான்: பொங்கலுக்கு முன் அடிக்கும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள இதே வாயுவை இழுத்துத்தான் இறுகுகிறது. லித்தியம் எடை குறைந்தது என்பதால் விண்வெளிக்கு அது போயிற்று. ஆனால் டப்பாவில் உள்ள மருந்து தீர்ந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்து, வீரர்கள் மூவரும் இருவருக்கான நிலவுக்கலத்தில் தஞ்சம் புகுந்தபோது இது உயிர்ப் பிரச்சினையானது. நிலவுக்கலத்தின் டப்பாக்கள் வட்டம்; தாய்க்கலத்தில் மிச்சமிருந்தவை சதுரம். இரண்டு கலங்களையும் இரண்டு நிறுவனங்கள் செய்ததன் விளைவு அது. ஹூஸ்டன் பொறியாளர்கள் பிளாஸ்டிக் பை, கையேட்டு அட்டை, விண்ணுடைக் குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு ஓர் இணைப்பைச் செய்துபார்த்து, வானொலியில் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

சோவியத் வழி வேறு. அவர்கள் பயன்படுத்திய பொட்டாசியம் சூப்பராக்சைடு, மூச்சிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து ஆக்சிஜனைத் தரும். கூடவே கரியமில வாயுவையும் பிடித்துக்கொள்ளும். 1984 ஏப்ரல் 3இல் சோயுஸ் டி-11இல் சல்யூட் 7 நிலையத்துக்குப் புறப்பட்ட இந்திய வீரர் ராகேஷ் சர்மா இந்த ஏற்பாட்டை நம்பித்தான் போனார்.

மாதக்கணக்கில் தங்குவதற்கு இவை கட்டுபடியாகாது. 1973இல் ஸ்கைலாப் நிலையத்தில் சியோலைட் வந்தது. வாயுவைப் பிடிக்கும் இந்தத் துளைமணிகளை வெற்றிடத்துக்குத் திறந்துவிட்டால் பிடித்ததை விட்டுவிடும். பிறகு திரும்பப் பயன்படும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் காற்றை முதலில் உலர்த்தி, பின்பு சியோலைட் படுகைக்கு அனுப்புகிறார்கள். ஒரு படுகை உறிஞ்சும்போது மற்றொன்று சூடேற்றப்பட்டுக் காலியாகும். 2025இல் அங்கே சென்ற இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா சுவாசித்தது இப்படிச் சுத்தமான காற்றைத்தான்.

இந்தியாவின் ககன்யான் திட்டமோ மூவர், 3 நாட்கள் என்ற அளவுக்கானது. அவ்வளவு குறுகிய பயணத்துக்குப் பழைய டப்பா முறையே எடையில் லாபம். உயிர்காப்பு அமைப்பைத் தர எந்த நாடும் முன்வராததால் உள்நாட்டிலேயே உருவாக்குவதாக, அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் 2023இல் சொன்னார்.