எண்பூட்டின் கதை

இரும்புப் பெட்டி என்றவுடன் நம் இல்லங்களில் நினைவுக்கு வருவது சாவிக்கொத்து. பாட்டியின் இடுப்பிலும் அன்னையின் முந்தானை முடிச்சிலும் தொங்கிய அக்கொத்து, குடும்ப ஆட்சிக்கே அடையாளமாக விளங்கியது. ஆயினும் சாவி இல்லாத பூட்டும் உலகில் நெடுங்காலமாக உண்டு. அதன் சாவி ஓர் எண். அவ்வெண் இருக்குமிடம் உடையவரின் நெஞ்சம். அத்தகைய எண்பூட்டின் வரலாற்றை ஆராயுங்கால், பூட்டின் வலிமை இரும்பில் மட்டும் அன்று, அதனை ஆள்வோரின் விழிப்பிலும் அடங்கியுள்ளது என்பது புலனாகும்.

தியார்பக்கிர் நகர் இன்று துருக்கி நாட்டில் உள்ளது. அங்கே அரசவையில் பணியாற்றிய அல்-ஜஸரி என்னும் பொறியறிஞர், 1206ஆம் ஆண்டில் முடித்த தம் நூலில், நான்கு வட்டுகளைத் திருப்பித் திறக்கும் பெட்டிப் பூட்டொன்றை விளக்கியுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வகைப் பூட்டு அமெரிக்க வங்கிகளில் பெருவழக்காயிற்று. அதனைச் செம்மைப்படுத்தியவர்களுள் லைனஸ் யேல், ஜேம்ஸ் சார்ஜன்ட் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள்.

வங்கிகள் இதனை விரும்பியதற்குத் தக்க காரணம் உண்டு. சாவி தொலைந்தாலோ, எவரேனும் அதற்குப் போலி செய்துகொண்டாலோ, பூட்டையே மாற்ற வேண்டும். எண் வெளிப்பட்டாலோ எண்ணை மாற்றினால் போதும். எண்ணறிந்த ஊழியர் வேலையை விட்டு நீங்கும் அன்றே, பழைய எண்ணும் பயனற்றதாகிவிடும்.

இனி அதன் அமைப்பைக் காண்போம். கதவின் வெளிப்புறத்தில் 0 முதல் 99 வரை எண்கள் பொறித்த வட்டு ஒன்று இருக்கும். உட்புறத்தில், ஒரே அச்சில் பொதுவாக மூன்று சக்கரங்கள் இருக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். உரிய எண்களில் முறைப்படி நிறுத்தினால் மூன்று காடிகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். அப்பொழுது மேலிருக்கும் சிறு கட்டை அவற்றுள் இறங்கும், தாழ் விலகும். ஒரு காடி சற்றே விலகி நின்றாலும் கதவு அசையாது.

எண்ணை மாற்றுவது என்பது சக்கரத்தில் காடியின் இடத்தை மாற்றுவதேயாகும். பழைய பூட்டுகள் பலவற்றில், கதவைத் திறந்து, பின்மூடியைக் கழற்றி, சக்கரங்களை வெளியே எடுக்க வேண்டும். சக்கரத்தின் நடுப்பகுதியையும் வெளிவளையத்தையும் பிரித்து, வேறு நிலையில் பொருத்த வேண்டும். பிற்காலப் பூட்டுகளில் இதற்கெனத் தனிச் சாவி உண்டு. பழைய எண்ணை, வழக்கமான குறிக்கு நேராக வைக்காமல், அதனருகே உள்ள மாற்றுக்குறிக்கு நேராக வைக்க வேண்டும். பின்னர் கதவின் பின்புறத் துளையில் அச்சாவியைச் செலுத்தித் திருப்பினால் சக்கரங்கள் நெகிழும். அதே மாற்றுக்குறியில் புதிய எண்ணை வைத்துச் சாவியை முன்னிருந்தவாறே திருப்பி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இவ்விடத்தில் மறவாமல் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, தாழை மட்டும் நீட்டி, புதிய எண்ணை மூன்று நான்கு முறை சோதித்துப் பார்த்த பின்னரே கதவைச் சாத்த வேண்டும். சோதியாமல் சாத்தியவர், பிறகு துளையிடும் கருவியுடன் ஆளைத் தேட நேரிடும்.

எனினும், நெஞ்சில் இருக்கும் சாவிக்கும் ஆபத்து உண்டு. 1876 ஜனவரியில், அமெரிக்காவின் நார்த்தாம்ப்டன் நகரில், முகமூடிக் கொள்ளையர் வங்கிக் காசாளரின் வீட்டுக்குள் நள்ளிரவில் புகுந்தனர். வீட்டிலிருந்தோரைக் கட்டிப்போட்டு, அவரை வதைத்து எண்களைப் பெற்றனர். பத்து இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட பணமும் பத்திரங்களும் கொள்ளை போயின. பூட்டு உடைபடவில்லை, மனிதரே உடைக்கப்பட்டார். குறித்த நேரம் வரும்வரை சரியான எண்ணுக்கும் திறவாத காலப் பூட்டைச் சார்ஜன்ட் 1873இலேயே அமைத்திருந்தார். கடிகாரத்தை அச்சுறுத்த எவராலும் இயலாது அன்றோ! அதன் அருமையை வங்கிகள் பின்னரே நன்கு உணர்ந்தன.

இதனினும் வியப்புக்குரியது லாஸ் அலமாஸில் நிகழ்ந்தது. அணுகுண்டு உருவான அவ்வாய்வுக் கூடத்தில் பணியாற்றிய இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன், பூட்டுகளைத் திறந்து பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தார். மூன்று சக்கரப் பூட்டுக்குப் பத்து இலட்சம் எண்சேர்க்கைகள் உண்டு என்பது கணக்கு. ஆனால் அங்கிருந்த பூட்டுகள் இருபுறமும் இரண்டு எண் தவறினாலும் திறந்துவிடும் என்பதை அவர் கண்டார். எனவே ஐந்து எண்களுக்கு ஒன்றாக முயன்றால் போதும். பத்து இலட்சம் 8,000 ஆகச் சுருங்கிவிட்டது.

போர் முடிந்த பின்னர், இரகசிய ஆவணங்கள் நிறைந்த தம் நண்பரின் அலமாரியை அவர் திறக்க முயன்றார். கணிதம் அறிந்தவர் எத்தகைய எண்ணை வைத்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தார். வட்டத்துக்குரிய 31-41-59 பயன்படவில்லை. இயற்கை மடக்கையின் அடியெண்ணாகிய 2.71828 நினைவுக்கு வந்தது. 27-18-28 என்று திருப்பினார், கதவு திறந்தது! அதே எண்ணுக்கே அடுத்த அலமாரியும் திறந்தது.

அங்கே இராணுவ அதிகாரி ஒருவர் தமக்கென மிகப் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றை வரவழைத்திருந்தார். அவர் சென்றபின், பூட்டுத் தொழிலாளி ஒருவர் அதனைச் சில நிமிடங்களில் திறந்துவிட்டார். அவரும் தம்மைப் போன்ற கைதேர்ந்தவர் என்று கருதிய ஃபைன்மன், பல நாள் பழகி அம்மறையைக் கேட்டறிந்தார். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அப்பூட்டுகளில் 25-0-25 அல்லது 50-25-50 என்ற எண்ணே இருக்கும். அவற்றையே தொழிலாளி முயன்று பார்த்திருக்கிறார். அதிகாரி எண்ணை மாற்றவே இல்லை! பின்னர் ஃபைன்மன் தாமே சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெட்டி அவ்வாறே திறந்தது. உலகை நடுங்க வைத்த இரகசியங்கள் இருந்த இடத்தில், எண்ணை மாற்றும் சில நிமிட வேலையைப் பலர் செய்யாமல் விட்டிருந்தனர்.

இன்று நம் வீடுகளில் இரும்புப் பெட்டி இல்லாவிடினும் எண்பூட்டு இல்லாத வீடு அரிது. வங்கி அட்டையும் கைப்பேசியும் எண்ணாலேயே திறக்கின்றன. பிறந்த ஆண்டையோ வீட்டு எண்ணையோ அவற்றுக்கு வைத்திருப்போரும், வாங்கியபோது இருந்த எண்ணை அப்படியே விட்டிருப்போரும் நம்மிடையே இலர் என்று சொல்ல முடியுமா? பூட்டைச் செய்வது தொழிற்சாலை. அதனைப் பூட்டாக ஆக்குவது நாமே. மாற்றாத எண்ணுடைய பூட்டு, சாவியைத் துளையிலேயே விட்டுச் சென்ற பூட்டுக்கு ஒப்பாகும். இம்மலரைப் படித்து முடித்ததும், நம் வீட்டு எண்பூட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.