ஓட்டுக் குவியலில் பிறந்த பட்டறை

சீனாவின் ஹாங்சோ நகரில் 1997-இல் ஒரு கணவனும் மனைவியும் கட்டட வடிவமைப்புக்கென்று சின்னதாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். கணவர் வாங் ஷூ, மனைவி லூ வென்யூ. வைத்த பெயர் ‘அமெச்சூர் கட்டடக்கலைப் பட்டறை’. அந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. பகலில் வக்கீல், மாலையில் ராஜபார்ட் என்று வாழ்ந்தவர்களின் நாடக சபைகளை அப்படித்தான் அழைத்தோம். நாடகத்தில் அமெச்சூராக இருந்துவிடலாம். கட்டித் தருகிறேன் என்று வருகிறவன் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால் யார் முன்பணம் கொடுப்பார்கள்?

அன்றைய சீனாவில் இந்தப் பெயரின் குத்தல் இன்னும் கூர்மையானது. கட்டடம் என்றாலே பிரம்மாண்டமான அரசு வடிவமைப்பு நிறுவனங்கள்தான். பழைய தெருக்களை வழித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் அடுக்குமாடிகளை நட்டுக்கொண்டிருந்த அவசர காலம் அது. அரசாங்கத் தோரணையும் நினைவுச்சின்ன மிடுக்கும் இல்லாமல், தன்போக்கில் முளைக்கிற, செய்து பார்த்துக் கற்கிற வேலை தன்னுடையது என்று காட்டவே அந்தப் பெயர் என்று வாங் ஷூ பின்னாளில் விளக்கினார். தான் கட்டுவதைக் ‘கட்டடம்’ என்பதைவிட ‘வீடு’ என்று சொல்லவே அவருக்குப் பிடிக்கும்.

பெயர் 1997-இல் வந்தது. பட்டறை பிறந்தது அதற்கும் முன்னால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாங் ஷூ 1963-இல் உரும்சியில் பிறந்தவர். நான்ஜிங்கில் படித்து, 1988-இல் முதுகலை முடித்து, ஹாங்சோவுக்கு வந்து பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது பற்றிய ஆய்வில் சேர்ந்தார். 1990-இல் பக்கத்து ஊரான ஹைனிங்கில் ஓர் இளைஞர் மையத்தைக் கட்டி முடித்தார். கையில் ஒரு கட்டடம், வயது இருபத்தேழு. வேறொருவராக இருந்தால் அடுத்த வேலையைப் பிடிக்க ஓடியிருப்பார். இவரோ தொண்ணூறுகளின் பெரும்பகுதியை வடிவமைப்பாளர் என்ற பொறுப்பு இல்லாமல், புதுப்பிப்பு வேலை நடக்கும் இடங்களில் கொத்தனார்களோடும் தச்சர்களோடும் கழித்தார். காலை எட்டு மணிக்குப் போனால் நள்ளிரவு ஆகும். கல்லூரிப் படிப்பு சொல்லித் தராத சங்கதிகளை அவர்கள் கையைப் பார்த்துக் கற்றார். இந்த வருடங்களை எடுத்துவிட்டால் ‘அமெச்சூர்’ என்பது வெறும் பாசாங்காகத்தான் மிஞ்சும்.

பட்டறைக்குக் கைகொடுத்தது நிங்போ வட்டாரத்தின் ஒரு பழைய வித்தை. கடலோரப் பகுதி, சூறாவளி அடிக்கும். வீடு விழுந்தால் புதுச் செங்கல் வரும்வரை வெட்டவெளியில் காத்திருக்க முடியுமா? இடிபாட்டில் கிடக்கும் செங்கல், உடைந்த ஓடு, கல் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் அடுக்கி மறுபடி சுவர் எழுப்புவார்கள். ‘வாபான்’ என்று பெயர். வறுமையில் பிறந்த வேலைதான், ஆனால் ஏனோதானோ வேலை அல்ல. கனமும் நீளமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத துண்டுகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். எதன் தலையில் எது உட்காரும் என்று கண் சொல்ல வேண்டும். சிமென்ட் வந்த பிறகு அந்த வேலையைக் கேட்பார் இல்லை. கைகள் அதை மறந்துகொண்டிருந்தன.

பழைய ஓட்டைப் பெரிய அளவில் கையாளும் வாய்ப்பு ஹாங்சோவிலேயே வந்தது. சீன நுண்கலைக் கழகத்தின் ஷியாங்ஷான் வளாகம், 2002-இல் தொடங்கி 2007 வரை இரண்டு கட்டமாக எழுந்தது. ஷியாங்ஷான் என்றால் யானை மலை. மதுரைக்காரர்களுக்கு உடனே வேறொரு பாறை நினைவுக்கு வரும். ஊர் ஊராக இடிக்கப்பட்ட வீடுகளின் ஓடுகள் 20 லட்சத்துக்கும் மேல் இந்த வளாகத்தின் கூரைகளில் ஏறின. இடித்தவர்களுக்கு அது குப்பை. சூளையில் ஒருமுறை வெந்த மண்ணுக்கு மறுபடி கரியும் வேண்டாம், புதிதாய் வயலைத் தோண்டவும் வேண்டாம் என்பது பட்டறையின் கணக்கு.

2008-இல் முடிந்த நிங்போ வரலாற்று அருங்காட்சியகத்தில் வாபான் சுவர் 24 மீட்டர் உயரத்துக்குப் போனது. பாட்டன் காலத்துக் கொத்தனார் யாரும் நினைத்துப் பார்க்காத உயரம். உள்ளே கான்கிரீட்டை நிறுத்தி, வெளியே பழைய செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கினார்கள். வேறு சில சுவர்களில் மூங்கிலை அச்சாக வைத்துக் கான்கிரீட் ஊற்றியதால் கணுவும் வரியும் அப்படியே பதிந்திருக்கின்றன. எந்த ஓடு எங்கே என்று வரைபடத்தில் குறிக்க வழியில்லை. காகிதம் பாதித் தூரம் வரும், மீதி கொத்தனார் பொறுப்பு. எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை நின்று பார்த்தவருக்கு அந்தப் பொறுப்பை விட்டுக்கொடுப்பதில் பயம் இருந்திருக்காது.

ஓர் உறுத்தலையும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் முன்பு கிராமங்கள் இருந்தன. அவற்றைத் துடைத்தெறிந்த அதே நகர வளர்ச்சிதான் அருங்காட்சியகத்துக்கும் இடம் ஒதுக்கியது. ஊர் அழியாதிருந்தால் சுவருக்கு ஓடு கிடைத்திருக்காது. தங்கள் பழைய வீட்டின் தடத்தை அந்தச் சுவரில் தேடி உள்ளூர்க்காரர்கள் வருவதாக வாங் ஷூ சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு மகிழ்வதா வருந்துவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

2012-இல் கட்டடக்கலையின் ஆகப் பெரிய கௌரவமான பிரிட்ஸ்கர் பரிசு வாங் ஷூவுக்குக் கிடைத்தது. லூ வென்யூவுக்குக் கிடைக்கவில்லை. சேர்ந்து தொடங்கிய பட்டறை, சேர்ந்து செய்த வேலை. பரிசு மட்டும் ஒருவருக்கு. விழா நடந்த இடம் பெய்ஜிங்கின் மக்கள் பெருமன்றம். தூண் தூணாக நிற்கும் அரசாங்க மாளிகை. பதக்கம் வாங்க அமெச்சூர் அங்கேதான் போக வேண்டியிருந்தது.