ஃபல்ஸஃபா: நேசத்தைத் தொலைத்த ஒரு சொல்

ஹிஜ்ரி 711-இல் (கி.பி. 1311) மறைந்த இப்னு மன்ழூர் தொகுத்த ‘லிஸானுல் அரப்’ அரபு மொழியின் பேரகராதிகளுள் ஒன்று. அதில் ‘ஃபல்ஸஃபா’ என்னும் சொல்லுக்குரிய விளக்கம் மிகச் சுருக்கமானது. அதன் பொருள் ஹிக்மத், அதாவது ஞானம். அது அரபல்லாத சொல். அதை உடையவர் ஃபைலஸூஃப். அவ்வளவே. பல பக்கங்கள் நீளும் விளக்கங்களுக்குப் பேர்போன அவ்வகராதி இங்கே இத்துடன் நின்றுவிடுகிறது.

பாடம் நடத்தும்போது இச்சொல்லுக்கு மூலம் கேட்டால் மாணவர்கள் ‘ஃபல்ஸ்’ என்னும் செப்புக் காசை நினைப்பதுண்டு. அதிலிருந்து ‘முஃப்லிஸ்’, அதாவது பொருளிழந்து நொடித்தவன், என்ற சொல் பிறந்ததால் தத்துவமும் வறுமையும் உறவு என்று ஒருவர் சொல்ல, வகுப்பே சிரிக்கும். வேடிக்கை என்னவெனில், அந்த ‘ஃபல்ஸ்’ என்பதும் ரோம நாட்டு நாணயப் பெயராகிய ‘ஃபோல்லிஸ்’ என்பதிலிருந்து வந்ததே. ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. ஃபல்ஸஃபாவின் வேரைத் தேடுவோர் கிரேக்கத்தின் ‘ஃபிலோ’ என்னும் முன்னொட்டுக்குச் செல்ல வேண்டும்.

கிரேக்கத்தில் ‘ஃபிலோஸ்’ என்றால் நேசத்திற்குரியவன், நண்பன். பிற சொற்களின் முன் சேரும்போது அது ‘நேசிக்கும்’ என்னும் பொருளைத் தரும். ‘ஸோஃபியா’ ஞானம், ஆகவே ‘ஃபிலோஸோஃபியா’ ஞான நேசம். தம்மை ஞானி என்று அழைத்துக்கொள்ள மறுத்து, ஞானத்தை நேசிப்பவன் என்று முதலில் கூறிக்கொண்டவர் பிதாகோரஸ் என்பது பழைய மரபுரை. அதன் வரலாற்று உறுதியை ஆய்வாளர் ஐயுறுவர். எனினும் சொல்லின் உட்கருத்தை அது சரியாகவே காட்டுகிறது. ஞானம் கைவந்தவன் வேறு. அதை நாடி நிற்பவன் வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை அம்முன்னொட்டே காத்துவந்தது.

அப்பாஸியர் காலத்தில் இச்சொல்லை அரபுக்குக் கொண்டுவந்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். ‘அரபியரின் தத்துவ ஞானி’ எனப் பெயர் பெற்ற அல்கிந்தீ, பொருள்களின் வரையறைகள் பற்றிய தம் நூலில், ‘ஃபிலா’ என்பது நேசிப்பவர், ‘ஸூஃபா’ என்பது ஞானம் என்று சொல்லைப் பிரித்தே காட்டுகிறார். பத்தாம் நூற்றாண்டின் அல்குவாரிஸ்மீ (அல்ஜீப்ரா தந்தவர் அல்லர், ‘மஃபாதீஹுல் உலூம்’ எழுதியவர்) அதே விளக்கத்தைத் தருகிறார். 1153-இல் மறைந்த ஷஹ்ரஸ்தானீயும் ‘அல்மிலல் வந்நிஹல்’ நூலில் அதை வழிமொழிகிறார். அல்பீரூனீ ஒரு படி மேலே சென்று, ‘ஸூஃபி’ என்ற பெயரே கிரேக்க ‘ஸோஃபியா’விலிருந்து வந்தது என்று தம் இந்திய நூலில் எழுதினார். அது ‘ஸூஃப்’ என்னும் கம்பளியிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் முடிவு.

அறிஞர்கள் பிரித்துக் காட்டியபோதும் மொழி தன் போக்கில் சென்றது. அரபின் இயல்பு முன்னொட்டை ஏற்பதன்று, மூலவெழுத்துகளைத் தேடுவது. வந்த சொல்லை அது ஃபா, லாம், ஸீன், ஃபா என்ற நான்கெழுத்து வேராக்கிக்கொண்டது. ‘ஃபைலஸூஃப்’ என்பதற்கு ‘ஃபலாஸிஃபா’ என்னும் பன்மையும், ‘தஃபல்ஸஃப’ என்னும் வினையும் பிறந்தன. நேசத்தைக் குறித்த எழுத்துகளும் ஞானத்தைக் குறித்த எழுத்துகளும் ஒரே வேருக்குள் கரைந்தன. எது எங்கே முடிகிறது என்பது காதுக்கும் கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று. அகராதி ‘ஹிக்மத்’ என்று மட்டும் பொருள் எழுதியதன் காரணம் இதுவே.

இதன் விளைவு இலக்கணத்தோடு நின்றுவிடவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095-இல் முடித்த ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ அந்த நான்கெழுத்துப் பன்மையைத் தலைப்பிலேயே தாங்கியது. அவர் கணிதத்தையோ தர்க்கத்தையோ தள்ளிவிடவில்லை. இருபது பிரச்சினைகளை எடுத்து, அவற்றுள் மூன்றை மட்டுமே குஃப்ர் என்றார். பிற்காலத்தில் இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு 1245) தம் ஃபத்வாவில் ‘ஃபல்ஸஃபா’வை ‘ஸஃபஹ்’, அதாவது மடமை, என்னும் சொல்லோடு ஒலியளவில் இணைத்துச் சாடினார். சொல்லின் ஒலியைக் கொண்டே அதைத் தூற்ற முடிந்ததற்கு, அதன் உட்பொருள் மங்கிப்போனதும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

எதிர்த்திசையிலும் நேசம் தொலைந்தது. ஆதரவாளர்கள் ‘ஹிக்மத்’ என்னும் பெயரையே விரும்பினர். ஸுஹ்ரவர்தீயின் ‘ஹிக்மத்துல் இஷ்ராக்’, அப்ஹரீயின் ‘ஹிதாயத்துல் ஹிக்மா’ ஆகியவை அப்படியே பெயர் பெற்றன. பின்னதற்கு மைபுதீ எழுதிய விளக்கவுரை நம் மத்ரஸாக்களின் பழைய பாடத்திட்டத்தில் இடம்பெற்றதை முதிய ஆலிம்கள் அறிவர். யூனானி மருத்துவரை நம் ஊர்களில் ‘ஹகீம்’ என அழைப்பதும் இவ்வழக்கின் எச்சமே. ஞானத்தை நாடுவோன் என்ற பணிவு, ஞானமுடையோன் என்ற பட்டமாக மாறிற்று.

இவ்விழப்பு அரபுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானிய அறிஞர் நிஷி அமானே இச்சொல்லை மொழிபெயர்க்க முனைந்தபோது முதலில் ‘கி-தெத்ஸு-காகு’ என்றார். ‘கி’ என்பது நாட்டம். 1874-இல் வெளியான அவரது நூலில் ‘கி’ உதிர்ந்து ‘தெத்ஸுகாகு’ மட்டும் நின்றது. சீனமும் கொரியாவும் அதையே ஏற்றன. ஆக, ஒன்றையொன்று அறியாத இரு மொழி உலகங்களில் முதலில் விழுந்தது நேசமே. மாறாக, டச்சு மொழியில் ‘வைஸ்பெகெர்ட’, அதாவது ஞான விருப்பம், என்னும் சொல் அதைக் காத்துவைத்திருக்கிறது.

பெயர்களில் அம்முன்னொட்டின் கதி இன்னும் விசித்திரம். ‘ஃபிலிப்’ என்றால் குதிரை நேசன். 1543-இல் ஸ்பெயின் இளவரசர் ஃபிலிப்பின் பெயரைத் தாங்கிய தீவுகள் இன்று ‘அல்ஃபிலிப்பீன்’. அங்குள்ள மோரோ முஸ்லிம்களின் நாட்டுப் பெயரில் குதிரை நேசம் மறைந்திருப்பதை எவரும் நினைப்பதில்லை. ஜோர்தானின் தலைநகரத்தைக் கிரேக்க-எகிப்திய மன்னர் இரண்டாம் தாலமி, தம் பட்டத்தால் ‘ஃபிலடெல்ஃபியா’ (உடன்பிறப்பு நேசம்) என்றார். இஸ்லாமியர் ஆட்சியில் அது தன் பழைய பெயருக்கே திரும்பி ‘அம்மான்’ ஆயிற்று. ஆறாம் நூற்றாண்டு அலெக்சாந்திரிய அறிஞர் ‘ஃபிலோபோனஸ்’ (உழைப்பு நேசர்), அரபு நூல்களில் ‘யஹ்யா அந்நஹ்வீ’ என இலக்கணியாகவே அறியப்படுகிறார். உலகம் அநாதி அன்று என்ற அவருடைய வாதங்களின் சாயலை ஆய்வாளர்கள் கஸ்ஸாலியின் நூலிலும் காண்கின்றனர்.

‘ஃபிலாலஜி’ என்னும் சொல்லுக்கு இன்று அரபில் ‘ஃபிக்ஹுல் லுகா’ என்பது வழங்குகிறது. பத்தாம் நூற்றாண்டின் இப்னு ஃபாரிஸும் அவருக்குப் பின் ஸஆலிபீயும் தம் நூல் தலைப்புகளில் பயன்படுத்திய தொடர் அது. இங்கே நேசத்தின் இடத்தில் ‘ஃபிக்ஹ்’, அதாவது நுண்விளக்கம், அமர்ந்திருக்கிறது. அது ஒருவகையில் நல்ல மாற்றமே.

ஆனால் ‘ஃபல்ஸஃபா’வைப் பொறுத்தவரை இழப்பை மறைக்க முடியாது. ‘அல்ஹகீம்’ என்பது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. ஹிக்மத்தை அவனே தான் நாடியோருக்கு அளிக்கிறான் என்பது திருக்குர்ஆனின் போதனை. அப்படியிருக்க, மனிதனுக்குப் பொருந்தும் நிலை ஞானமுடையோன் என்பதைவிட ஞானத்தை நேசிப்போன் என்பதே அன்றோ? கிரேக்கர் விட்டுச்சென்ற அந்தச் சிறு முன்னொட்டு நம் அகீதாவுக்கு முரணானதன்று. நாம் எளிதில் மறந்துவிடும் அடக்கத்தை நினைவூட்டுவது. பாடம் தொடங்கும்போது நாம் இப்போது ‘ஃபல்ஸஃபா’ என்ற சொல்லைப் பலகையில் எழுதி, நடுவே ஒரு கோடிட்டுப் பிரித்துக் காட்டுகிறோம். முன்பாதியின் கீழ் ‘ஹுப்’, நேசம், என்று எழுதிய பிறகே பாடத்துக்குள் நுழைகிறோம்.