எந்த செட்டு நல்லா பாடுது?

தொண்ணூறுகளின் விரிஞ்சிபுரத்தில் இரண்டு வகைப் பாட்டுப்பெட்டிகள் இருந்தன. ஒன்று, வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்த ஜப்பான் டூ-இன்-ஒன். இன்னொன்று, சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, ரேடியோ மெக்கானிக் கோத்துக் கொடுக்கும் அசெம்பிள்ட் செட். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் போனஸ் பணத்தில் வாங்கியது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். எங்கள் வீட்டிலும் அதுதான். எது நன்றாகப் பாடுகிறது என்ற வழக்கு திண்ணைகளில் ஓயாது. தீர்ப்பு முறை எளிது: ஒரே கேசட்டை இரண்டிலும் போட்டு வால்யூமைத் திருக வேண்டும். "பேஸ் இன்னாமா அடிக்குது பாரு!" என்று ஒருவர் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. ஜெயிப்பது எப்போதும் ஜப்பான்தான்.

இந்த முறையில் என்ன கோளாறு என்பது நிபுணர்களுக்கே மெதுவாகத்தான் புரிந்தது.

1915 முதல் பத்து வருடங்கள் எடிசன் கம்பெனி அமெரிக்கா முழுக்க 'டோன் டெஸ்ட்' என்ற நிகழ்ச்சியை நடத்தியது. மேடையில் பாடகியும் அவர் பாடிய இசைத்தட்டும் மாறி மாறிப் பாடும். நடுவில் விளக்கை அணைப்பார்கள். வெளிச்சம் வரும்போது பாடகி இருக்க மாட்டார், பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருக்கும். 1916இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் மேரி ரப்போல்ட் இப்படிப் பாடினார். இந்த நிகழ்ச்சிகளில் பாடிய இன்னொருவர் அன்னா கேஸ். பெட்டியின் சத்தத்துக்குத் தகுந்தபடி குரலை அடக்கிப் பாடியதாக அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். கேட்டவர்கள் இருட்டில்தான் கேட்டார்கள். ஆனால் விளக்கின் சுவிட்ச் விற்பவர் கையில் இருந்தது.

1933இல் பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் காதையே அளந்து பார்த்தார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் சரியாகக் கேட்பதில்லை. சத்தத்தைக் கூட்டினால், மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக பேஸ் எழுந்து வருகிறது. அதாவது, வால்யூமைத் திருகினாலே எந்தப் பெட்டியும் 'கனமாக'ப் பாடும். வித்தியாசம் மிகச் சின்னதாக இருந்தால் இன்னும் மோசம். கேட்பவருக்கு அது சத்தமாகவே தெரியாது, 'தெளிவு' என்று தோன்றும். எங்கள் திண்ணையில் ஜெயித்ததில் எவ்வளவு ஜப்பான், எவ்வளவு வால்யூம் என்று யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. அந்தக் காலத்து அட்டைப்பெட்டிகளில் கொட்டை எழுத்தில் பிஎம்பிஓ வாட் என்று ஆயிரக்கணக்கில் எண்கள் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு எல்லோரும் ஏற்ற விதிமுறை எதுவும் கிடையாது. ஆனாலும் அதைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் மாதச் சம்பளத்தை எடுத்து நீட்டின.

அதே மன்சன், மார்க் கார்ட்னருடன் சேர்ந்து 1950இல் ஒரு சோதனை முறையை எழுதினார். ஏ ஒன்று, பி ஒன்று. மூன்றாவதாக எக்ஸ் என ஒன்று ஒலிக்கும், அது ஏயா பியா என்று கேட்பவர் சொல்ல வேண்டும். எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், வேறுபாடு கேட்கிறதா என்று கேட்கும் முறை இது. 1982இல் அமெரிக்காவின் டேவிட் கிளார்க் இதை வீட்டு ஆடியோவுக்குக் கொண்டுவந்தார். சத்தத்தை அளந்து சமமாக்கி, சட்டென்று மாற்றிக் கேட்க ஒரு சுவிட்ச் பெட்டி. எக்ஸ் எது என்று சோதனை நடத்துபவருக்கும் தெரியாது.

1994இல் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் வேறு மாதிரி செய்தார்கள். தாங்கள் வேலை பார்த்த ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரை உட்காரவைத்து, நான்கு ஸ்பீக்கர்களை முதலில் திரைக்குப் பின்னாலும் பிறகு கண்ணெதிரிலும் கேட்கச் சொன்னார்கள். கண்ணால் பார்த்தபோது பெரிய, அழகான பெட்டிகள் மதிப்பெண்ணை அள்ளின. விலை குறைந்த சின்ன பிளாஸ்டிக் செட் கீழே கிடந்தது. திரை போட்டபோது அந்தச் சின்னது பெரியவற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதுமட்டுமல்ல. ஸ்பீக்கரை அறைக்குள் இடம் மாற்றி வைத்தால் ஒலி நிஜமாகவே மாறும். திரைக்குப் பின்னால் கேட்டபோது அதைத் தெளிவாகப் பிரித்தவர்கள், பெட்டியைப் பார்த்ததும் அவ்வளவாகப் பிரிக்கவில்லை. கண் இல்லாத வித்தியாசத்தைச் சேர்த்தது, இருந்த வித்தியாசத்தையும் அழித்தது.

இதற்காக, எல்லா செட்டும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. ஸ்பீக்கர், அதன் மரப்பெட்டி, அது இருக்கும் அறை, இவையெல்லாம் ஒலியைப் பெரிதாக மாற்றும். கேசட்டில் ஹெட்டின் கோணம் இம்மி பிசகினாலும் ட்ரெபிள் செத்துவிடும். எங்கள் மெக்கானிக்குக்கு இது தெரியும். ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருகி, ஜால்ரா சத்தம் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துவார். அவர் செட்டின் மேல் எழுதியிருந்த பேரைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதில்லை, எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்டார். ஆனால் அவர் கோத்த செட்டுக்குத்தான் ஊரில் மரியாதை இல்லை. வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் எங்கள் வீட்டிலேயே அதன்மேல் பூத்துணியைப் போட்டு மூடுவார்கள்.

வெளிநாட்டுச் சம்பளமும் உள்ளூர் சம்பளமும் ஒரே தெருவில் இருந்த ஊரில், 'எது நல்லா பாடுது' என்பது ஒலியைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருந்ததில்லை என்று இப்போது நினைக்கிறேன். காது சொன்னதாக நாங்கள் நம்பிய தீர்ப்பில் பாஸ்போர்ட்டுக்கும் ஒரு ஓட்டு இருந்தது.

இன்று திண்ணை வழக்கு ஹெட்போனுக்கும் புளூடூத் ஸ்பீக்கருக்கும் மாறிவிட்டது. சோதித்துப் பார்க்க லேப் தேவையில்லை. இரண்டின் சத்தத்தையும் போன் ஆப்பில் அளந்து சமமாக்குங்கள். நண்பர் ஒருவர் காசைச் சுண்டி, தலையா பூவா பார்த்து, உங்கள் கண்ணில் படாமல் மாற்றட்டும். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்காமல் இருக்க அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பது நல்லது. 16 தடவை கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவது நூற்றுக்கு நாலு பேருக்குத்தான். உங்களுக்கு 12 வந்தால், பிடித்ததைத் தயங்காமல் வாங்குங்கள். எட்டு ஒன்பதிலேயே நின்றால், விலை குறைந்ததை வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் பாட்டு வாங்குங்கள்.